பீரங்கித் தோட்டாக்கூடுகளில் காணப்படும் அரசு முத்திரைகளும் விற்பனை முத்திரைகளும்

பீரங்கித் தோட்டாக்கூடு என்பது பீரங்கியைச் சுடுவதற்கான வெடிமருந்தை உள்ளடக்கிய உலோக உறை. பெரும்பாலும் பித்தளையால் ஆனது. சுட்டவுடன் குண்டு முன்னால் பறந்துவிடும். கூடு பின்னால் பீரங்கியிலேயே தங்கிவிடும். வெறுமையான இந்தக் கூடுகள் பின்னாளில் பூச்சாடியாகவும், குடை வைக்கும் குவளையாகவும், உணவு வேளையை அறிவிக்கும் மணியாகவும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பழைய பொருள் கடைகளில் "பீரங்கிக் குண்டு" என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல உண்மையில் குண்டு அல்ல, கூடுதான்.

கூட்டின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் எழுத்துகளும் எண்களும் சிறு குறிகளும் நெருக்கமாகக் குத்தப்பட்டிருக்கும். எந்தப் பீரங்கிக்கு உரியது, யார் செய்தது, எப்போது செய்தது, அரசு அதை முறைப்படி விற்றதா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை தேடலாம். முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் தெளிவான விடை கிடைத்துவிடும். நான்காவதுதான் சிக்கல். அதைப் பற்றியே இக்கட்டுரை மிகுதியாகப் பேசுகிறது. பிரித்தானியப் படையின் கூடுகளே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இந்தியாவில் கைக்குக் கிடைக்கும் பழைய கூடுகளில் அவையே அதிகம் என்பதோடு, விற்பனைக்கென்று தனி முத்திரை வைத்திருந்ததும் அந்த அரசுதான்.

படிப்பதற்கு முன்

முத்திரையைப் பார்க்கும் ஆவலில் கூட்டைத் தலைகீழாகப் புரட்டுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். கூட்டின் வாயில் குண்டு பொருந்தியிருந்தால் அதைத் தொடவே கூடாது. உள்ளே ஏதேனும் நிரம்பியிருந்தாலும், அட்டையாலோ மெழுகாலோ வாய் அடைபட்டிருந்தாலும் அப்படியே.

வாய் திறந்து உள்ளே வெறுமையாகத் தெரிந்தாலும் வேலை முடியவில்லை. அடித்தட்டின் நடுவில் திருகிப் பொருத்தப்பட்ட வட்டமான பகுதி பிரைமர் எனப்படும். சுடும் ஊசி அடிப்பது இதன்மீதுதான். இதற்குள் அதிர்ச்சியில் தீப்பற்றும் மருந்தும் அதை அடுத்துச் சிறிதளவு கருமருந்தும் இருக்கும். நடுவில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தால் வெடித்து முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி குத்தியும் வெடிக்காமல் போனவை உண்டு. பிரைமர் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் மரையுடன் கூடிய துளை மட்டும் இருந்து, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தால் மட்டுமே ஐயமில்லை. மற்றபடி தட்டவோ, துளையிடவோ, சூடாக்கவோ, பற்றவைக்கவோ கூடாது. ஐயம் இருந்தால் பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 112 எண்ணில் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்; வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வந்து பார்ப்பார்கள்.

இது மிகையான எச்சரிக்கை அல்ல. 2004ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் அருகே ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய உலோகக் கழிவில் கலந்திருந்த வெடிகுண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். கழிவு உலோகத்தை இறக்குமதி செய்வோர் ஏற்றுமதிக்கு முன்பே சோதனைச் சான்று பெற வேண்டும் என்ற விதி அதன்பின் இறுக்கப்பட்டது. படையினர் சுடும் பயிற்சித் திடல்களின் அருகே பித்தளைக்கும் செம்புக்கும் ஆசைப்பட்டுப் பொறுக்கப் போய் உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் பலர். பழைய இரும்புக் கடைக்காரருக்கு முத்திரை தெரிய வேண்டியதில்லை. பிரைமர் தெரிந்திருக்க வேண்டும்.

கோழிக்கால் குறி

பிரித்தானியக் கூட்டின் அடித்தட்டில் கோழியின் கால் தடம் போன்ற ஒரு குறி இருக்கும். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும். நடுக்கோடு நேராகவும் மற்ற இரண்டும் சாய்ந்தும் இருக்கும். இதற்கு அகன்ற அம்பு என்று பெயர். ஆங்கிலத்தில் பிராட் ஏரோ என்பர். இந்தப் பொருள் அரசுக்குச் சொந்தம் என்பதே இதன் பொருள்.

நடுக்காலம் தொட்டே இங்கிலாந்து மன்னரின் உடைமைகளில் இக்குறி இடப்பட்டது. கப்பல்தளங்களிலிருந்து கயிறும் பாய்த்துணியும் மரமும் திருட்டுப் போவதைத் தடுக்க 1698இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அம்புக் குறியிட்ட பொருளைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதே அச்சட்டப்படி குற்றம். திருடியதை அரசு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நேர்மையாக வந்தது என்பதை வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். பின்னர் 1875ஆம் ஆண்டின் பொதுப் பண்டகச் சட்டம் இவற்றை ஒழுங்குபடுத்தியது. உரிமையின்றி அம்புக் குறியை இடுவதும், அரசின் உடைமையை மறைக்கும் நோக்கில் அதை அழிப்பதும் குற்றங்களாயின. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உடையில் இதே அம்பு அச்சிடப்பட்டிருந்ததும் அதே பொருளில்தான்: உடை அரசுடையது.

குடியேற்ற நாடுகள் இந்த அம்பைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன. ஆங்கிலச் சி எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே அம்பு இருந்தால் ஆஸ்திரேலியா. யு எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. அம்பின் கீழே ஐ எழுத்து இருந்தால் இந்தியா. இந்த ஐ தேய்ந்து போய், அம்பின் நடுக்கோடு சற்று நீண்டதுபோல் மட்டும் தெரியும் கூடுகளும் உண்டு; இந்தியக் கூட்டைப் பிரித்தானியக் கூடாக எண்ணிவிடும் தவறு அங்கேதான் நேர்கிறது.

இரண்டு அம்புகள் மோதும்போது

ஒரு பொருளில் அம்பு இருப்பது குற்றத்துக்கு அடையாளம் என்றால், அரசே அதை விற்றுவிட்டபின் வாங்கியவர் என்ன செய்வார்? அம்பை அரத்தால் தேய்த்து அழித்தால் அதுவே குற்றமாகிவிடும். இதற்காக எழுந்ததுதான் விற்பனை முத்திரை. ஏற்கெனவே உள்ள அம்பை அழிக்காமல், கூர்முனையோடு கூர்முனை தொடும்படி இரண்டு அம்புகளை எதிரெதிரே குத்துவார்கள். படைப் பணியிலிருந்து நீக்கி விற்கப்பட்டது என்பது இதன் பொருள்.

இரு முனைகளும் சரியாகத் தொட்டுக்கொண்டால் அது அம்பாகவே தெரியாது. நடுவில் ஒரு கோடு, அதன் குறுக்கே பெருக்கல் குறி, மொத்தம் ஆறு கதிர்கள். பார்ப்பதற்கு ஒரு விண்மீன் குறி. நம் வீட்டு வாசலில் போடும் சிறு கோலத்தின் நடுப்பகுதி என்றும் சொல்லலாம். இதை யூதர்களின் ஆறுமுனை விண்மீன் என்று நினைத்து, யூதப் படைவீரர் ஒருவருடையது என்று கதை கட்டியவர்கள் உண்டு. வேறுபாடு எளிது: யூதர்களின் விண்மீன் இரண்டு முக்கோணங்களால் ஆனது, நடுவில் அறுகோண வெற்றிடம் இருக்கும். விற்பனை முத்திரையில் கோடுகள் அனைத்தும் நடுப்புள்ளியில் கூடும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இரண்டு அம்புகளுக்கும் இடையே மயிரிழை இடைவெளியோ, ஒன்று மற்றொன்றைவிடச் சற்றே விலகியிருப்பதோ தெரியும். ஏனெனில் பல நேரங்களில் ஒரே அம்பு அச்சை இருமுறை திருப்பிக் குத்தியிருப்பார்கள்.

இந்த முத்திரையை அதிகமாகக் காண்பது துப்பாக்கிகளில்தான். கூடுகளில் அது அரிது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. துப்பாக்கி விற்கப்பட்ட பிறகும் துப்பாக்கியாகவே கை மாறும். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேண்டும். வெற்றுக் கூடோ எடைக்கு விற்கப்படும் பித்தளை. டன் கணக்கில் உருக்காலைக்குப் போகும் உலோகத்தில் ஒவ்வொன்றாக முத்திரை குத்த எந்தப் பண்டகசாலையும் ஆள் வைக்காது. விற்பனைச் சீட்டு ஒன்றே முழுக் குவியலுக்கும் போதும். எனவே ஒரு கூட்டில் விற்பனை முத்திரை இல்லை என்பதால் அது திருட்டுப் பொருள் என்று முடிவு கட்டக் கூடாது. இந்தப் பொருளில் அடிக்கடி நேரும் தவறு இதுதான். முத்திரை இருந்தால் அது ஒரு சான்று. இல்லாவிட்டால் எதற்கும் சான்று இல்லை.

ஓர் அடித்தட்டைப் படித்தல்

முதல் உலகப் போரின் 18 பவுண்டர் பீரங்கிக் கூட்டை எடுத்துக்கொள்வோம். 1904இல் பிரித்தானியப் படைக்கு வந்த இந்தப் பீரங்கியின் குழல் விட்டம் 3.3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 84 மில்லிமீட்டர். கூட்டின் உயரம் ஏறக்குறைய 295 மில்லிமீட்டர். மேற்குப் போர்முனையில் மட்டும் பத்துக் கோடிக்கு நெருக்கமான 18 பவுண்டர் குண்டுகள் சுடப்பட்டன. இன்று உலகெங்கும் பூச்சாடிகளாக இருப்பவற்றில் இதுவே மிகுதியாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடித்தட்டில் முதலில் தேட வேண்டியது 18 என்ற எண்ணும் அதையடுத்துப் பவுண்டர் என்பதன் சுருக்கமான பி.ஆர். என்ற எழுத்துகளும். அருகில் ரோமன் எண் இருக்கும். அது கூட்டு வடிவத்தின் வரிசை எண். இரண்டு கோடு நின்றால் இரண்டாம் வடிவம். ரோமன் எண்ணைப் போர் எண்ணிக்கையோடோ படைப்பிரிவு எண்ணோடோ குழப்பிக்கொள்ள வேண்டாம். செய்தவரின் சுருக்கப் பெயர் இன்னொரு பக்கம் இருக்கும். ஆர்.எல். என்றால் உல்விச்சில் இருந்த அரச ஆய்வுக்கூடம், இ.ஓ.சி. என்றால் எல்ஸ்விக் ஆயுத நிறுவனம்; கே.என். என்றால் பர்மிங்காம் பகுதியின் கிங்ஸ் நார்ட்டன் உலோக நிறுவனம். ஆண்டு சில கூடுகளில் நான்கு இலக்கமாகவும் சிலவற்றில் இரண்டு இலக்கமாகவும் உண்டு, மாதமும் சேர்ந்திருக்கலாம். லாட் என்ற சொல்லையடுத்து வரும் எண் உற்பத்தித் தொகுதியைக் குறிக்கும்.

சி.எஃப். என்ற இரண்டு எழுத்துகள் பலரைக் குழப்புகின்றன. சி என்பது கார்டைட். எஃப் என்பது முழு அளவு. கார்டைட் என்பது கயிறு போல நீளமாக இழுக்கப்பட்ட, புகை குறைந்த வெடிமருந்து. நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை இன்றும் உள்ளூரில் கார்டைட் பேக்டரி என்றே அழைக்கப்படுவது இதனால்தான். ஒரே அடித்தட்டில் சி.எஃப். இருமுறை, மும்முறை குத்தப்பட்டிருந்தால் அச்சுப்பிழை அல்ல. போர்முனையில் சுடப்பட்ட கூடுகள் திரட்டப்பட்டு, கப்பலேறி, மறுபடி வடிவம் சீராக்கப்பட்டு, மருந்து நிரப்பப்பட்டுத் திரும்பவும் போர்முனைக்குப் போயின. பித்தளையின் பெரும்பகுதியான செம்பு விலையுயர்ந்தது. 100 பங்கு பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எனவே ஒரு கூடு பலமுறை சுடப்பட்டிருக்கலாம்; அடித்தட்டின் முத்திரைக் கூட்டம் அதன் பயண நாட்குறிப்பு போன்றது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பிறக்கின்றன. ஒன்று, அடித்தட்டின் ஆண்டு செய்யப்பட்ட ஆண்டே தவிரச் சுடப்பட்ட ஆண்டு அல்ல. இரண்டு, படைவீரர் ஒருவர் கூட்டைத் தம் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவது அக்காலத்தில் விதிப்படி அனுமதிக்கப்பட்டது அன்று. அது அரசின் பித்தளை. ஆனாலும் எடுத்துவந்தவர்கள் ஏராளம். போர் முடிந்தபின் எஞ்சிய குவியல்களை அரசே விற்றது. வணிக நிறுவனங்கள் வாங்கி மெருகேற்றிப் பூச்சாடியாகவும் மணியாகவும் விற்றன. இன்று அகழிக்கலை என்று சொல்லப்படும் பொருள்களில் அகழிக்குள் செய்யப்பட்டவை சிறு பகுதியே.

கிரீடமும் அதன் கீழே ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட சிறு குறிகள் சோதனையாளருடையவை. ஆய்வு செய்து ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதே பொருள். கிரீடத்தைப் பார்த்ததும் அரண்மனைப் பொருள் என்று விலை ஏற்றுபவர்களிடம் இதைச் சொல்லலாம். ஆங்கில என் எழுத்து கடற்படைப் பணியைக் குறிக்கும்.

4.5 அங்குல ஹோவிட்சர் கூடு இதைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். சாம்பல் கிண்ணமாக மாறியவை அவை. இரண்டாம் உலகப் போரின் 25 பவுண்டர் கூட்டில் 25 பி.ஆர். என்று இருக்கும். இது 18 பவுண்டரைப் போலக் குண்டோடு இணைந்த கூடு அல்ல. முதலில் குண்டைக் குழலுக்குள் தள்ளி, பிறகு கூட்டைத் தனியாக இடுவார்கள். தேவைக்கேற்பச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று மருந்துப் பைகளில் சிலவற்றை எடுத்துவிட்டும் சுடலாம். விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் இந்தியப் படையில் 25 பவுண்டர் பணியாற்றியது. அதனால் இங்குக் கிடைக்கும் 25 பவுண்டர் கூட்டை உலகப் போர்ப் பொருள் என்று நம்பி வாங்குவதற்கு முன் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

பிற நாட்டுக் கூடுகள் குறித்துச் சுருக்கமாக. 75 என்ற எண்ணையடுத்து டி.இ., பிறகு சி என்று இருந்தால் பிரெஞ்சுப் படையின் புகழ்பெற்ற 75 மில்லிமீட்டர் களப் பீரங்கி. போல்ட்டே, மாக்டபுர்க் போன்ற பெயர்கள் முழுதாகக் குத்தப்பட்டிருந்தால் ஜெர்மனி. செம்புத் தட்டுப்பாட்டால் ஜெர்மானியர் எஃகுக் கூடுகளையும் செய்தனர்; எஸ்.டி. என்ற எழுத்துகள் எஃகைக் குறிக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவற்றில் பிரித்தானிய விற்பனை முத்திரையைத் தேடுவதில் பயனில்லை.

முத்திரை உண்மையா?

விற்பனை முத்திரை இருந்தால் விலை கூடும் என்று தெரிந்தபின் அதைப் புதிதாகக் குத்துபவர்களும் வந்துவிட்டார்கள். ஒரு சிறிய உளியும் சுத்தியும் இருந்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க அடித்தட்டின் முத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

தொழிற்சாலையில் கூட்டின் தலைப்பகுதியை அழுத்தும்போதே விழுந்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒழுங்கான இடைவெளியில் இருக்கும். பின்னால் பண்டகசாலையில் கையால் குத்தியவை சாய்ந்தும் ஆழம் மாறியும் இருக்கும். எனவே கோணலாக இருப்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. உண்மையான விற்பனை முத்திரையும் கையால் குத்தியதுதான். பார்க்க வேண்டியது விளிம்பு. உளி இறங்கும்போது ஒதுங்கும் உலோகம் குழியின் இரு கரைகளிலும் மெல்லிய வரப்பாக எழும். நூறாண்டுகள் துடைத்துத் துடைத்து மெருகேற்றிய கூட்டில் இந்த வரப்பு மழுங்கிவிடும். மற்ற எழுத்துகளின் கரையெல்லாம் வழவழப்பாக இருந்து, இரட்டை அம்பின் கரை மட்டும் நகத்தை உரசினால் ஐயப்பட வேண்டும். குழியின் அடியில் நிறத்தையும் பார்க்கலாம். பழைய குழிகளில் கருமை படிந்திருக்கும்; புதியதில் பித்தளை மஞ்சளாக ஒளிரும். ஆனால் நிறத்தை மருந்து தடவி மாற்றிவிடலாம், விளிம்பை மாற்றுவது அதைவிடக் கடினம்.

முழுக் கூடும் போலியாக இருப்பதுண்டு. உண்மையான கூடு ஒரு பித்தளை வட்டத்தட்டை அழுத்தி இழுத்து இழுத்து நீட்டிச் செய்யப்பட்டது. சுவர் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் அடிப்புறத்தில் தடித்தும் இருக்கும். வார்த்துச் செய்த போலியில் சுவர் ஒரே தடிமனாக இருக்கும், உட்புறம் சொரசொரப்பாக இருக்கும், எழுத்துகளின் ஓரம் உருகியதுபோல் மொத்தையாக இருக்கும்.

செதுக்கப்பட்ட எழுத்துகளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. சுவரில் 1915ஆம் ஆண்டுப் போர்க்களம் ஒன்றின் பெயர் செதுக்கியிருந்து, அடித்தட்டில் 1917 என்று இருந்தால், அது அந்தப் போரில் சுடப்பட்டதாக இருக்க முடியாது. இக்கட்டுரையாளரின் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு கூடு இருக்கிறது. பாட்டனார் மெசபொத்தாமியாவில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். சுவரில் குட் என்ற ஊரின் பெயரும் 1916 என்ற ஆண்டும், அடியில் 17. குட் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்தது 1916 ஏப்ரலில். பிரித்தானியர் அதை மீட்டது 1917 பிப்ரவரியில். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் பாட்டனார் பொய் சொன்னார் என்பதற்கு இது சான்று அல்ல. நகரம் வீழ்ந்த ஆண்டை மறக்காத ஒருவர், பிறகு கிடைத்த கூட்டில் அதைச் செதுக்கச் சொல்லியிருக்கலாம். கூடு சொல்வது கூட்டைப் பற்றி மட்டும்தான்.

எம்டன் கூடு

சென்னையில் அவ்வப்போது "எம்டன் போட்ட குண்டின் கூடு" என்று ஒன்று விலைக்கு வருவதாகச் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியது. ஏறத்தாழ 130 குண்டுகள் சுட்டது. உயர்நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல் உள்ளது; தந்திரக்காரரை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் இன்றும் தமிழில் இருக்கிறது. ஆனால் நகரத்தில் வந்து விழுந்தது குண்டும் அதன் சிதறல்களும். கூடுகள் கப்பலின் தளத்தில்தான் விழுந்திருக்கும். அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலால் அழிக்கப்பட்டது. எனவே எம்டன் தாக்குதலின்போது சென்னை மண்ணில் எடுத்த தோட்டாக்கூடு என்று ஒன்று இருக்க வழியில்லை. சிதறல் என்று சொல்லியிருந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம். கூடு என்று சொன்னால் அடித்தட்டைத் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும்: எம்டனின் பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர்; ஜெர்மானியக் கடற்படைப் பொருள்களில் கிரீடத்தின் கீழ் எம் என்ற எழுத்து இருக்கும். கோழிக்கால் குறி தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தியாவில் டிஸ்போசல்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்தியாவில் பிரித்தானிய, அமெரிக்கப் படைகளின் பண்டங்கள் மலைபோல் எஞ்சின. அவற்றை விற்கும் அரசுத் துறையின் பெயரிலிருந்து வந்த டிஸ்போசல் என்ற சொல் தமிழிலும் ஒட்டிக்கொண்டது. டிஸ்போசல் ஜீப், டிஸ்போசல் கம்பளி, டிஸ்போசல் தண்ணீர்க் குப்பி என்றெல்லாம் முந்தைய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கலாம். பண்டங்களை வாங்குவதற்கும் கழிப்பதற்குமாக 1951இல் அமைந்த தலைமை இயக்ககம் 2017இல்தான் மூடப்பட்டது. டிஸ்போசலில் வாங்கிய பொருளுக்கு ஏலச் சீட்டு இருக்கும். தாத்தா காலத்துப் பெட்டியில் மஞ்சளித்த அந்தச் சீட்டு கிடைத்தால் எந்த முத்திரையையும்விட அது வலுவான சான்று, எறிந்துவிட வேண்டாம்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெடிபொருள் என்பதன் விளக்கத்தில் அதன் பாகங்களையும் சேர்த்திருக்கிறது. பழைய பூச்சாடிதானே என்று சொல்லி வாங்கி விற்பவர் காவல்துறையின் கேள்விக்கு உள்ளாகலாம். பிரைமரோடு கூடிய கூட்டில் இது இன்னும் கூர்மையாகும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. 1917 என்று குத்தப்பட்ட கூட்டை இணையத்தில் விற்று அயல்நாட்டுக்கு அஞ்சலில் அனுப்ப நினைப்பவர், முன்னதாகத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முத்திரையைப் பதிவு செய்தல்

புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. கூட்டின் அடித்தட்டுக்குச் செய்தால் எழுத்துகளின் கரை தேய்ந்து, மேலே சொன்ன ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் போகும். பாலிஷ் போட்டால் அதன் வெண்படிவு குழிகளில் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் தூசியைத் துடைப்பது போதும்.

அறையை இருட்டாக்கி, கைவிளக்கை அடித்தட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். விளக்கை நான்கு திசைகளிலும் மாற்றி நான்கு படங்கள் எடுக்க வேண்டும். ஒரு திசையில் மறையும் கோடு மறுதிசையில் தெரியும். இரட்டை அம்பின் இடைவெளி பெரும்பாலும் இப்படித்தான் அகப்படும். வெள்ளைச் சாக்பீஸ் தூளை மெல்லத் தூவி விரலால் வழித்தால் குழிகளில் மட்டும் தங்கும். பள்ளிப் பிள்ளைகள் காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்களே, அதே முறையும் இங்கு நன்றாகப் பலிக்கும். நடுவிலுள்ள பிரைமர் கழற்றப்பட்டிருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். இருந்தால் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தாளில் கூட்டின் உயரம், வாயின் உள்விட்டம், அடித்தட்டின் விட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்து, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வாய்ப்புறம் அறுக்கப்பட்டோ விரிக்கப்பட்டோ இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். பூச்சாடியாக்கும்போது உயரம் மாறியிருக்கும், வெறும் அளவை வைத்துப் பீரங்கியைத் தீர்மானிப்பவர் அதனால் வழி தவறுவார்.